கம்ப்யூட்டர் மந்தமாகிவிட்டது: ஃபார்மட் பண்ணலாமா, வேண்டாமா?

பெங்களூரில் யாருடைய லேப்டாப் மந்தமாக ஓடினாலும் கிடைக்கிற முதல் யோசனை, "எஸ்.பி. ரோட்டுல குடுத்து ஃபார்மட் பண்ணிடு" என்பதுதான். டவுன் ஹால் பக்கத்தில் அந்தத் தெரு முழுக்கக் கம்ப்யூட்டர் கடைகள். காலையில் கொடுத்தால் சாயங்காலத்துக்குள் புது விண்டோஸ் ஏற்றிக் கொடுத்துவிடுவார்கள். வீட்டுக்கு வந்த அன்று நன்றாகத்தான் ஓடும். டேலி என்ற கணக்கு மென்பொருள், குரோம், பிரிண்டர் மென்பொருள், ஆன்டிவைரஸ் என்று ஒவ்வொன்றாக ஏறியபிறகு பலருக்குப் பழைய நிலைமையே திரும்பிவிடுகிறது.

அல்சூர், ஸ்ரீராமபுரம், சிவாஜி நகர் என்று நம் தமிழ் ஜனங்கள் இருக்கிற பக்கங்களில் சொந்தக்காரர், தெரிந்தவர் மெஷின்களைப் பார்த்துக் கொடுக்கிறவன் என்ற முறையில் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விண்டோஸை மறுபடி போட்டால் சரியாகிற மெஷின்கள் இருக்கின்றன. ஆனால் 'ஃபார்மட் பண்ணணும்' என்று என்னிடம் வருகிறவற்றில் பாதிக்கு மேல் கோளாறு விண்டோஸில் இல்லை. டிஸ்க்கிலோ, ராமிலோ (வேலை நடக்கும்போது மெஷின் பயன்படுத்தும் தற்காலிக நினைவகம்), ஃபேனிலோ இருக்கிறது. அது எங்கே என்று பார்க்காமல் ஃபார்மட் பண்ணினால் ஒரு நாள் வேலை போகும், சில கோப்புகளும் போகும், மந்தம் மட்டும் போகாது.

இந்தப் பழக்கம் பழைய விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் வந்தது. அப்போது அது நியாயமாகவும் இருந்தது. வைரஸ் சுலபமாகப் புகுந்தது, கண்ட டூல்பார்களும் வந்து ஒட்டிக்கொண்டன, சி டிரைவை மட்டும் அழித்துப் புதிதாகப் போட்டால் டி டிரைவில் படமும் பாட்டும் பத்திரமாக இருந்தன. இன்றைய விண்டோஸ் அந்த அளவுக்குத் தானாகக் கெட்டுப்போவதில்லை. மறுநிறுவல் மாற்றுவது மென்பொருளை மட்டும்தான்: கெட்டுப்போன சிஸ்டம் கோப்புகள், பாதியில் நின்ற அப்டேட், மோதிக்கொள்ளும் டிரைவர் மென்பொருள்கள், மால்வேர் (வைரஸ் மாதிரிக் கெட்ட மென்பொருள்), மெஷின் ஆன் ஆனதும் தானாக ஓடுகிற, வருடக்கணக்கில் சேர்ந்த ஸ்டார்ட்அப் குப்பை. இவற்றில் ஒன்று காரணமாக இருந்தால் பலன் உண்டு. இல்லாவிட்டால் இல்லை.

அதனால் எதையும் அழிக்கும் முன் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சி.பி.யூ.வைத் தொட்டால் கீழே 'அப் டைம்' என்று ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். தினமும் ராத்திரி ஒழுங்காக ஷட் டவுன் செய்கிறவர்கள் மெஷினில்கூட அது பதினைந்து நாள், இருபது நாள் என்று காட்டும். விண்டோஸ் 8-லிருந்து வந்த ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஏற்பாடுதான் காரணம். ஷட் டவுன் செய்யும்போது சிஸ்டத்தின் உள்பகுதியை அப்படியே டிஸ்க்கில் எழுதி வைத்துக்கொண்டு மறுநாள் அதையே திரும்ப எடுத்துக்கொள்கிறது. முழுசாகப் புதிதாகத் தொடங்க வேண்டும் என்றால் ரீஸ்டார்ட் கொடுக்க வேண்டும். ஒரே ஒரு ரீஸ்டார்ட்டில் சரியான மெஷின்களை நான் பார்த்திருக்கிறேன்.

அதற்கும் அசையவில்லையா, அதே பக்கத்தில் டிஸ்க்கைப் பாருங்கள். எனக்கு இதுதான் முக்கியமான இடம். டிஸ்க் பெயருக்கு அருகில் எச்.டி.டி. (தட்டு சுற்றும் பழைய ரக ஹார்ட் டிஸ்க்) என்று இருக்கிறதா, எஸ்.எஸ்.டி. (சுற்றும் பாகம் இல்லாத புது ரகம்) என்று இருக்கிறதா? எச்.டி.டி. என்று இருந்து, ஒன்றுமே செய்யாதபோதும் 100 சதவீதத்தில் நின்றுகொண்டு, அதன் கீழே வேகம் விநாடிக்கு ஒன்றிரண்டு எம்பி என்று காட்டினால், விடை கிடைத்துவிட்டது.

பார்க்கிறவர்களுக்கு இந்த எண்கள் முரணாகத் தோன்றும். 100 சதவீதம் வேலை செய்கிறது, ஆனால் ஒன்றிரண்டு எம்பிதான் படிக்கிறது, எப்படி? லேப்டாப்பில் வரும் ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 சுற்று சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு 11 மில்லிவிநாடி. வேண்டிய இடம், டிஸ்க்கைப் படிக்கும் முள்ளுக்கு அடியில் வந்து சேரச் சராசரியாக அதில் பாதி நேரம் காத்திருக்க வேண்டும். முள்ளும் அந்தத் தடத்துக்கு நகர வேண்டும், அதற்கு இன்னும் கொஞ்சம் நேரம். எல்லாம் சேர்த்தால் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னக் கோப்புகளை விநாடிக்கு நூறு தடவைக்குள்தான் எடுக்க முடியும். விண்டோஸ் 10-ம் 11-ம் ஆன் ஆகிற நேரத்தில் கேட்பதோ ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகள். அத்தனையும் வரிசையில் நிற்கும். டிஸ்க் நேரம் முழுக்க முள்ளை நகர்த்துவதிலேயே போய்விடும். சாதாரண சாட்டா எஸ்.எஸ்.டி.யில் சுற்றும் தட்டும் இல்லை, முள்ளும் இல்லை. இந்த மாதிரி சின்னக் கோரிக்கைகளை விநாடிக்குப் பத்தாயிரக்கணக்கில் முடித்துக் கொடுக்கும்.

ஆகவே என் தீர்மானம் இது: பழைய ஹார்ட் டிஸ்க்கிலேயே மறுபடி விண்டோஸ் போடாதீர்கள். கடைக்காரர் எவ்வளவு சொன்னாலும் வேண்டாம். முள் நகரும் நேரம் ஃபார்மட்டால் குறையாது. எஸ்.எஸ்.டி. வாங்கி, அதில் புதிதாகப் போடுங்கள். 2014, 2015 வாக்கில் வந்த லேப்டாப்கள்கூட இந்த ஒரு மாற்றத்துக்குப் பிறகு அலுவலக வேலைக்கு நன்றாகவே ஓடுகின்றன. பழைய டிஸ்க்கில் இருப்பதை அப்படியே எஸ்.எஸ்.டி.க்குப் பிரதி எடுக்கவும் வழி இருக்கிறது, குளோனிங் என்பார்கள். டேலி, பிரிண்டர், எல்லா செட்டிங்கும் அப்படியே வேண்டும் என்கிறவர்களுக்கு அது சரி. மெஷின் ஏற்கெனவே குப்பையாக இருந்தால் புதிதாகப் போடுவது நல்லது.

டிஸ்க் விஷயத்தில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. கோப்பைத் திறந்தால் மெஷின் அப்படியே நின்றுவிடுகிறது, உள்ளிருந்து டிக் டிக் என்று சத்தம் வருகிறது என்றால் அந்த டிஸ்க் சாகும் நிலையில் இருக்கலாம். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்கிற இலவச மென்பொருளில் திறந்து, ரீஅலொக்கேட்டட் செக்டர், பெண்டிங் செக்டர் என்ற இரண்டு வரிகளைப் பாருங்கள், டிஸ்க்கில் கெட்ட இடங்களின் கணக்கு அது. அங்கே பூஜ்யத்துக்கு மேல் எண் இருந்து, அது நாளுக்கு நாள் ஏறினால், ஃபார்மட் பேச்சே எடுக்கக் கூடாது. முதலில் படங்களையும் கணக்குகளையும் வெளியே எடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

ராம் விஷயம் இதைவிட எளிது. 4 ஜிபி ராம் இருக்கும் மெஷினில் விண்டோஸ் தானே பாதிக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. மிச்சத்தில் குரோமில் பத்து டேப் திறந்தால் இடம் போதாமல் டிஸ்க்கை ராம் மாதிரி பயன்படுத்தத் தொடங்கும். டாஸ்க் மேனேஜரில் மெமரி 90 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் இதுதான் சங்கதி. புது விண்டோஸ் போட்ட அன்று குறைவாகக் காட்டும், வழக்கமான வேலைகள் தொடங்கியதும் அதே இடத்துக்கு வந்துவிடும். 8 ஜிபி ஆக்குவதுதான் தீர்வு. மெலிதான லேப்டாப்கள் சிலவற்றில் ராம் போர்டிலேயே பற்றவைத்து வந்திருக்கும், கூட்ட முடியாது. மாடல் பெயரைப் போட்டு அதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். 2025 கடைசியிலிருந்து ராம் விலை நன்றாக ஏறியிருக்கிறது என்பதால் இரண்டு மூன்று கடைகளில் விசாரித்து வாங்குங்கள்.

அப்புறம் சூடு. பெங்களூரின் குளிர்ச்சியை நம்பி யாரும் இதை யோசிப்பதில்லை. ஆனால் இங்கே ரோடு தோண்டாத ஏரியா கிடையாது, மெட்ரோ வேலையும் கட்டட வேலையும் நடக்காத பக்கம் கிடையாது. ஜன்னலோரம் மேஜையில் இரண்டு வருடம் இருந்த லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்றிப் பார்த்தால், ஃபேனுக்கும் அதன் வாயிலிருக்கும் செப்புத் தகடுகளுக்கும் நடுவில் சாம்பல் நிறத்தில் தூசி ஒரு கம்பளித் துண்டு போலப் படிந்திருக்கும். பிடித்து இழுத்தால் ஒரே துண்டாக உரிந்து வரும். காற்று போக வழி இல்லாதபோது ப்ராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கிறது. டாஸ்க் மேனேஜரில் சி.பி.யூ. பக்கத்தில் 'ஸ்பீட்' என்ற எண்ணைப் பாருங்கள். வேலை பாரம் ஏறியிருக்கும்போதும் அது 1 ஜிகாஹெர்ட்ஸுக்குக் கீழே கிடந்தால் சூடு காரணமாக இருக்கலாம். லேப்டாப்போடு வந்த சார்ஜருக்குப் பதில் வேறு சார்ஜர் போட்டு, அதை மெஷின் அடையாளம் காணாவிட்டாலும் சில மாடல்கள் இப்படித்தான் படுத்துவிடும். தூசி எடுத்து தெர்மல் பேஸ்ட் மாற்றுவது சின்ன வேலை. விண்டோஸுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

எஸ்.எஸ்.டி. இருக்கிறது, 8 ஜிபி ராம் இருக்கிறது, சூடும் இல்லை, அப்படியும் மந்தம் என்றால் இப்போதுதான் மென்பொருளைச் சந்தேகப்பட வேண்டும். விண்டோஸில் புதிதாக ஒரு பயனர் கணக்கு திறந்து அதில் நுழைந்து பாருங்கள். அங்கே வேகமாக ஓடினால் சிஸ்டம் நன்றாகத்தான் இருக்கிறது, உங்கள் கணக்கில் ஏறியிருக்கும் சுமைதான் பிரச்சினை. ஸ்டார்ட்அப் பட்டியலில் வேண்டாதவற்றை நிறுத்துங்கள். ஆன்டிவைரஸ் இரண்டு இருந்தால் இரண்டும் ஒன்றை ஒன்று சோதித்துக்கொண்டே இருக்கும். விண்டோஸோடு வரும் டிஃபெண்டரே வீட்டுக்குப் போதும், மற்றதை நீக்குங்கள். சி டிரைவ் முட்ட முட்ட நிரம்பியிருந்தால் ஆறில் ஒரு பங்காவது காலியாக்குங்கள், எஸ்.எஸ்.டி.க்கும் மூச்சுவிட இடம் வேண்டும்.

புதுக் கணக்கிலும் மந்தம் என்றால் மூன்று வழிகள் இருக்கின்றன. கடைகளில் மூன்றையும் ஒன்றாகவே பேசுகிறார்கள், ஆனால் பலன் வேறு வேறு.

பலரும் கேள்விப்படாத வழி, இருக்கும் விண்டோஸின் மேலேயே அதே விண்டோஸை மறுபடி ஏற்றுவது. மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து ஐ.எஸ்.ஓ. என்கிற முழு விண்டோஸ் நிறுவல் கோப்பை இறக்கி, விண்டோஸுக்குள் இருந்தபடியே அதன் செட்டப்பை ஓட்டினால், கோப்புகளும் மென்பொருள்களும் அப்படியே இருக்கட்டுமா என்று கேட்கும். ஆமாம் என்றால் சிஸ்டம் கோப்புகளை மட்டும் புதிதாக்கிவிடும். விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸில் ரிக்கவரி பகுதியிலேயே, விண்டோஸ் அப்டேட் மூலம் பழுது சரிசெய்யும் பொத்தான் வந்துவிட்டது. ஜி.எஸ்.டி. தாக்கல், டேலி, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் என்று ஒரே மெஷினை நம்பித் தொழில் செய்கிற அண்ணன்மார்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். மறுநாள் காலையில் கடை திறந்து வழக்கம்போல் பில் போடலாம். குப்பை மென்பொருள்களை இது தொடாது, மால்வேருக்கும் உதவாது. அது இதன் எல்லை.

'ரீசெட் திஸ் பி.சி.' இரண்டாவது. இதில் 'கீப் மை ஃபைல்ஸ்' என்று ஒரு தேர்வு இருப்பதால் எல்லாம் பத்திரம் என்று நம்பிவிடுகிறார்கள். படங்களும் ஆவணங்களும் இருக்கும், ஏற்றிய மென்பொருள்கள் எல்லாம் போய்விடும். சி டிரைவில் தனியாக ஃபோல்டர் திறந்து போட்டு வைத்திருக்கும் டேட்டாவுக்கும் இதை நம்ப முடியாது. நேரமும் இணையமும் இருந்தால் 'கிளவுட் டவுன்லோட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஏறக்குறைய 4 ஜிபி இறங்கும், ஆனால் கெட்டுப்போன கோப்பை வைத்தே மறுபடி கட்டுவதைவிட அது மேல். எனக்கு இந்த வழியில் பெரிய ஈடுபாடு இல்லை. மென்பொருள்களை எல்லாம் மறுபடி ஏற்றப்போகிறோம் என்றால் சுத்தமாகவே போட்டுவிடலாம்.

மூன்றாவது, மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூல் வைத்து 8 ஜிபி பென்டிரைவில் விண்டோஸ் நிறுவலைத் தயாரித்து, டிஸ்க்கை அழித்துப் புதிதாகப் போடுவது. மால்வேர் புகுந்த மெஷினுக்கு இதைத் தவிர வேறு எதையும் நான் சொல்ல மாட்டேன். பெங்களூரில் இன்னொரு ரகத்துக்கும் இது கட்டாயம்: கம்பெனிகள் கழித்துவிட்டு ரீஃபர்பிஷ்டு என்று விற்பனைக்கு வரும் லேப்டாப்கள். உள்ளே யார் என்ன போட்டு வைத்திருக்கிறார்கள் என்று தெரியாது. புதிதாகப் போட்டு இணையத்தில் சேர்க்கும்போது முந்தைய கம்பெனியின் பெயரோடு லாகின் கேட்டால், அந்த மெஷின் இன்னும் அவர்கள் கணக்கிலிருந்து விடுவிக்கப்படவில்லை என்று அர்த்தம். கடையில் நின்றபடியே இதைச் சோதித்துவிட்டால் அங்கேயே திருப்பிக் கொடுக்கலாம்.

இந்த மூன்றாவது வழியில் போகிறவர்கள் கடையில் ஒரு விஷயத்தில் உறுதியாக இருக்க வேண்டும். விண்டோஸ் 8-லிருந்து லேப்டாப்போடு வரும் உரிமம் மதர்போர்டிலேயே பதிந்திருக்கிறது. அதே பதிப்பைப் போட்டால் இணையம் கிடைத்ததும் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும், எஸ்.எஸ்.டி. மாற்றினாலும் பாதிப்பில்லை. ஆனால் ஹோம் பதிப்போடு வந்த மெஷினில் பழக்க தோஷத்தில் ப்ரோ போட்டுவிடுகிறார்கள். அது ஆக்டிவேட் ஆகாது. உடனே ஒரு ஆக்டிவேட்டரை, அதாவது உரிமம் இருப்பதாகக் காட்டும் திருட்டு மென்பொருளை, ஓட்டிக் கொடுப்பார்கள், அதை ஓட்ட டிஃபெண்டரையும் நிறுத்திவிடுவார்கள். சொந்தமாக உரிமம் இருந்தும் திருட்டு விண்டோஸோடு, காவலும் இல்லாமல் வீட்டுக்கு வருகிறோம். அதே மெஷினில்தான் பேங்க் வேலையும் பார்க்கிறோம். "எந்தப் பதிப்போடு வந்ததோ அதையே போடுங்க, க்ராக் எதுவும் வேண்டாம்" என்று கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

அழிக்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவற்றில் எல்லாருக்கும் தெரிந்ததை விட்டுவிடுகிறேன். டேலி வைத்திருப்பவர்கள் டேட்டாவைப் பிரதி எடுப்பதோடு, உரிமத்தையும் அதற்குள்ளேயே சரண்டர் செய்துவிட வேண்டும். டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் ஆன் ஆகியிருக்கிறதா என்று பார்த்து, அதன் 48 இலக்க ரிக்கவரி கீயை மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து எடுத்து எழுதி வைக்க வேண்டும். அது இல்லாமல் டிஸ்க்கைக் கழற்றி வேறு மெஷினில் போட்டால் எதுவும் திறக்காது.

தமிழில் எழுதுகிறவர்கள் அவசியம் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது, எந்தக் கடையிலும் இதைக் கேட்க மாட்டார்கள். அல்சூரில் எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் கோயில் விழா அழைப்பிதழ்கள், கூட்ட அறிக்கைகள், தன் கவிதைகள் எல்லாவற்றையும் வருடக்கணக்காக பாமினி எழுத்துருவில் தட்டி வைத்திருக்கிறார். ஒருமுறை ஃபார்மட் ஆகி வந்ததும் கோப்புகளைத் திறந்தால் பக்கம் முழுக்க ஆங்கில எழுத்து, புள்ளி வரவேண்டிய இடத்திலெல்லாம் அரைப்புள்ளி. எல்லாம் அழிந்துவிட்டது என்று மனுஷன் இடிந்து போய்விட்டார். கோப்புகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, எழுத்துரு மட்டும்தான் போயிருந்தது. பாமினி, வானவில் போன்ற, யூனிகோடு (எல்லா மெஷினிலும் படிக்க முடிகிற பொது முறை) அல்லாத எழுத்துருக்களில் எழுதியவை உங்களிடமும் இருந்தால், சி டிரைவில் விண்டோஸுக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரை முழுசாக நகல் எடுத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் அவற்றை யூனிகோடுக்கு மாற்றியும் வைத்துவிடுங்கள், இணையத்தில் மாற்றிகள் கிடைக்கின்றன.

இன்னொரு கேள்வி, எந்த விண்டோஸ் போடுவது? விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. இன்டெல் 8-ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய ப்ராசஸரும் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் இருந்தால் விண்டோஸ் 11-ஐயே போடுங்கள், மறுபடி ஒரு தடவை இந்த வேலை வேண்டாம். அதற்கு முந்தைய மெஷின் என்றால், வீட்டுப் பயனர்களுக்குப் பாதுகாப்பு அப்டேட்டை 2026 அக்டோபர் 13 வரை நீட்டிக்கும் திட்டம் இருக்கிறது, அதில் பதிவு செய்துகொள்ளலாம். டேலி மாதிரி விண்டோஸைக் கேட்கும் எதுவும் இல்லை, பிரவுசரும் எழுதுவதும் போதும் என்றால் விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இலவச சிஸ்டமான லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்.எஃப்.சி.இ. பதிப்பைப் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். டிஸ்க்கைத் தொடாமலே வைஃபை, சவுண்ட் எல்லாம் வேலை செய்கிறதா என்று தெரிந்துவிடும். அதிலும் மெஷின் திணறினால், அந்த மெஷினுக்கு இனி செலவு செய்ய வேண்டாம் என்பேன்.

எந்த வழியில் போட்டாலும் முதல் ஒன்றிரண்டு நாள் பார்த்துவிட்டு முடிவு கட்டாதீர்கள். அப்டேட்டுகள் இறங்கிக்கொண்டும் தேடலுக்கான பட்டியல் தயாராகிக்கொண்டும் இருக்கும். சார்ஜரில் போட்டு ஒரு ராத்திரி ஓட விடுங்கள். எஸ்.எஸ்.டி. மாற்றுகிறவர்கள் பழைய டிஸ்க்கைக் கடையில் விட்டுவிட்டு வராமல் கேட்டு வாங்குங்கள். அதற்கு ஒரு யூ.எஸ்.பி. கேஸும் அங்கேயே கிடைக்கும். அதை இரண்டு மூன்று மாதமாவது அழிக்காமல் வைத்திருங்கள், எடுக்க மறந்த கோப்பு எதுவானாலும் அதில்தான் இருக்கும்.